வேகக் கார்களில் சிறிய டர்போ இன்ஜின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் ஒரு லிட்டர் முதல் இரண்டு லிட்டர் வரையிலான பெட்ரோல் டர்போ இன்ஜின்களைப் பற்றியது. டீசல் டர்போவின் குணமும் நோய்களும் வேறு என்பதால் அதை இங்கே தொடவில்லை. முதலில் இந்த இன்ஜின்கள் எப்படி வந்தன, ஏன் வந்தன என்பது. அதற்குப் பிறகு வைத்திருப்பவர்களுக்கான பராமரிப்பு, பழுது, வாங்கும்போது பார்க்க வேண்டியவை.

டொயோட்டா ஜிஆர் யாரிஸில் இருப்பது 1.6 லிட்டர், அதுவும் மூன்றே சிலிண்டர். 261 பிஎஸ் (குதிரைத்திறன்) எங்கிருந்து வருகிறது?

காற்றிலிருந்து. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிப்பது எளிது, காற்றைக் கூடுதலாக உள்ளே நுழைப்பதுதான் கஷ்டம். டர்போவில், வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் (டர்பைன்) சுழல, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் (கம்ப்ரஸர்) காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. இந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். வெளிக்காற்றுக்கு மேல் ஒரு பார் அழுத்தம் ஏற்றி, நன்றாகக் குளிர்வித்தும் விட்டால், அதே சிலிண்டருக்குள் கிட்டத்தட்ட இரு மடங்கு காற்று போகும்.

இன்ஜின்களை ஒப்பிட நல்ல வழி ஒன்று உண்டு. உச்ச டார்க்கை (சுழற்று விசை, என்எம் அலகில்) 0.1257 ஆல் பெருக்கி, லிட்டர் கணக்கால் வகுத்தால், பிஸ்டனைச் சராசரியாக எத்தனை பார் அழுத்தம் தள்ளுகிறது என்று கிடைக்கும். டர்போ இல்லாத இன்ஜின்களில் உச்சம் என்று பேசப்பட்ட ஹோண்டா எஸ்2000: 1,997 சிசி, 208 என்எம், கணக்கு 13 பார். டொயோட்டா ஜிஆர் யாரிஸ், 2020இல் ஐரோப்பாவுக்கு வந்தது: 1,618 சிசி, 360 என்எம், 28 பார். மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ், 2019: 1,991 சிசி, 500 என்எம், 31.6 பார். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன்கூட 998 சிசியில் 172 என்எம் தருகிறது, அதாவது 21 பாருக்கு மேல். இருபது பாரைத் தாண்டினால் டர்போ இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பவர் என்பது டார்க்கை நிமிடச் சுற்றால் பெருக்கி 7,023 ஆல் வகுத்தால் வருவது. எஸ்2000 தன் 240 பிஎஸ்ஸைத் தர 8,300 சுற்றுக்குப் போக வேண்டும். யாரிஸ் 3,000 சுற்றிலேயே 154 பிஎஸ்ஸைக் கையில் வைத்திருக்கிறது. சாலையில் லாரியைத் தாண்டும்போது உதவுவது இந்த இரண்டாவது எண்தான்.

டர்போ புதிதல்லவே. ஏன் இத்தனை ஆண்டு ஆயிற்று?

ஆல்ஃபிரட் பூசி என்ற சுவிஸ் பொறியாளர் காப்புரிமை பெற்றது 1905இல். கார்களில் 1962இலேயே அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரும் ஷெவர்லே கார்வேரும் டர்போவுடன் வந்தன. ஜெட்ஃபயரில் இன்ஜின் தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டப்பாவில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உரிமையாளர்கள் ஊற்ற மறந்தார்கள். கதை அங்கேயே முடிந்தது.

தடையாக இருந்தது வெப்பம். அழுத்திய காற்று சூடாகும். சூடான கலவை, ஸ்பார்க் பிளக் பொறி வைத்தபின், சுடர் போய்ச் சேர்வதற்கு முன்பே தானே வெடிக்கும். இதைத்தான் தட்டுதல், நாக்கிங் என்கிறோம். தப்பிக்க அன்று இருந்த வழி கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பதை, குறைப்பது. 1973இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போவின் விகிதம் 6.9தான். டர்போ விழிக்கும்வரை அந்தக் கார் சோம்பேறி, விழித்ததும் முதுகில் உதை.

ரேஸிலும் இதே பாடுதான். 1977இல் சில்வர்ஸ்டோனில் ரெனோ 1.5 லிட்டர் டர்போவை ஃபார்முலா ஒன்னில் இறக்கியபோது அது அடிக்கடி புகை விட்டு நின்றது. இரண்டு ஆண்டு கழித்து, 1979இல் டிஜோனில் ஜான்-பியர் ஜாபுயி முதல் வெற்றியைப் பெற்றார். 1983இல் பிஎம்டபிள்யூ நான்கு சிலிண்டர் டர்போவுடன் நெல்சன் பிக்கே உலகப் பட்டமே வென்றார். 1989இல் டர்போவைத் தடை செய்தார்கள். 2014இல் 1.6 லிட்டர் வி6 ஆகத் திரும்பி வந்தது.

சாலைக் கார்களில் கதவைத் திறந்தது நேரடி உட்செலுத்தல், அதாவது டைரக்ட் இன்ஜெக்‌ஷன். பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளித்தால், அது ஆவியாகும்போது உள்ளே இருக்கும் காற்றைக் குளிர்விக்கிறது. அதோடு தட்டுதலை உணரும் நாக் சென்சார், வேகமான கணினி, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் நல்ல இன்டர்கூலர் எல்லாம் சேர்ந்துகொண்டன. யாரிஸின் விகிதம் இன்று 10.5. டர்போ விழிக்காதபோதும் அது உயிருள்ள இன்ஜின்.

ஏன் எல்லா நிறுவனமும் ஒரே நேரத்தில் மாறின?

ஐரோப்பிய ஒன்றியம், விற்கும் கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு 2015இல் கிலோமீட்டருக்கு 130 கிராம், 2021க்குள் 95 கிராம் என்று வரம்பு வைத்தது. மீறினால் ஒரு கிராமுக்கு, ஒரு காருக்கு 95 யூரோ அபராதம். லட்சக்கணக்கில் விற்பவருக்கு இது கோடிகளில் போகும். பிஎம்டபிள்யூ எம்3, 4.0 லிட்டர் வி8இலிருந்து 3.0 லிட்டர் டர்போவுக்கு 2014இல் மாறியது: 420 பிஎஸ் 431 ஆனது, ஆனால் டார்க் 400 என்எம்மிலிருந்து 550க்கு ஏறியது, அதுவும் 1,850 சுற்றிலேயே.

இந்தியாவில் காரணம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் அடங்கி 1,200 சிசியைத் தாண்டாத பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. அதற்கு முன்பும் இதே கோடுதான், சதவீதம் மட்டும் வேறு. அதனால்தான் இங்கே வேகக் கார் என்றால் ஒரு லிட்டர், 1.2 லிட்டர் டர்போ. 150 பிஎஸ், 250 என்எம் தரும் ஃபோக்ஸ்வாகனின் 1.5 டிஎஸ்ஐ வேண்டுமென்றால் மேல்வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும். ஜப்பானின் 660 சிசி கெய் கார்களில் டர்போ பெருகியதும் இதே மாதிரியான சிசிக் கோட்டால்தான்.

சொன்ன மைலேஜ் வருவதே இல்லை. ஏமாற்றா?

பாதி ஏமாற்று சோதனையினுடையது, மீதி நம் காலினுடையது. ஐரோப்பாவின் பழைய என்இடிசி சோதனையில் 50 கி.மீ. வேகத்தைத் தொட 26 விநாடி எடுத்துக்கொள்வார்கள். சைக்கிள்காரர் தாண்டிப் போவார். அந்த மெதுவில் டர்போவுக்கு வேலையே இல்லை, சிறிய இன்ஜின் சிறிய இன்ஜினாகவே குடிக்கும். 2017 செப்டம்பரிலிருந்து டபிள்யூஎல்டிபி சோதனை வந்தபின் இடைவெளி குறைந்தது.

முழு பூஸ்டில் ஓட்டும்போது நிலைமை தலைகீழ். எக்ஸாஸ்ட் வெப்பம் 950 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் டர்பைனையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் காப்பாற்ற, கணினி வேண்டுமென்றே கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். அந்தப் பெட்ரோல் வேகத்துக்குப் போவதில்லை, குளிர்விக்கவே போகிறது. புதிய இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்த்து, கூலன்ட்டால் குளிர்வித்து இதைக் குறைக்கிறார்கள். மென்மையாக ஓட்டினால் டர்போ சிக்கனம், மிதித்தால் டர்போ செலவு. இரண்டையும் ஒரே நாளில் எதிர்பார்க்கக் கூடாது.

டர்போ லேக் ஒழிந்துவிட்டதா?

குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. மிதித்த கணத்துக்கும் பூஸ்ட் ஏறும் கணத்துக்கும் இடையில் சக்கரம் சுழல்வேகம் பிடிக்க வேண்டும். சிறிய டர்போக்களில் அது நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றையும் தாண்டும். சக்கரம் சிறியதாக இருந்தால் சீக்கிரம் விழிக்கும், ஆனால் மேல் சுற்றில் மூச்சடைக்கும். பெரியதென்றால் நேர்மாறு. எல்லாத் தொழில்நுட்பமும் இந்த இரண்டுக்கும் நடுவே சமரசம் பேசுவதுதான்.

நான்கு சிலிண்டரில் ட்வின் ஸ்க்ரோல் பெரிதும் உதவுகிறது. எரிப்பு வரிசை 1-3-4-2 என்பதால், 1, 4 ஒரு குழாயிலும் 2, 3 இன்னொன்றிலும் டர்பைனை அடையும்படி பிரிப்பார்கள். இல்லையென்றால் ஒரு சிலிண்டரின் புகை உதை, அப்போதுதான் வால்வு மூடும் பக்கத்துச் சிலிண்டருக்குள் திரும்பிப் போகும். மூன்று சிலிண்டரில் எரிப்புகளுக்கு இடையே 240 டிகிரி இருப்பதால் இந்த மோதலே இல்லை. யாரிஸில் ஒற்றைக் குழாய் டர்போவே போதுமானதற்குக் காரணம் இதுதான். மூன்று சிலிண்டரை மலிவுச் சரக்கு என்று இகழ்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

டர்பைன் இதழ்களின் கோணத்தை மாற்றும் விடிஜி டீசலில் சர்வ சாதாரணம். பெட்ரோல் புகையின் சூட்டை அந்த இதழ்கள் தாங்குவது கடினம் என்பதால், 2006இல்தான் போர்ஷே அதை 911 டர்போவில் கொண்டுவந்தது. இப்போது அடுத்த படி: டர்போ தண்டிலேயே ஒரு மின்மோட்டார். ஏஎம்ஜி சி43இல் 48 வோல்ட், சி63இல் 400 வோல்ட். புகைக்காகக் காத்திராமல் மோட்டார் சக்கரத்தைச் சுற்றிவிடுகிறது. 2024இல் வந்த 911 கரேரா ஜிடிஎஸ் இதே வழியில் இரண்டு டர்போவுக்குப் பதில் ஒன்றோடு முடித்துக்கொண்டது.

சில இன்ஜின்களில் லேக் மாதிரித் தெரிவது லேக்கே அல்ல. கியர்பாக்ஸ் கீழ் கியருக்கு வர எடுக்கும் நேரம், ஆக்சிலரேட்டரைக் கணினி மந்தமாக்கி வைத்திருப்பது, இவையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. மேனுவல் முறையில் 2,500 சுற்றில் பிடித்து, அதே கியரில் மிதித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான லேக்.

வெயிலில் கார் மந்தமாவது கற்பனையா?

உண்மை, கணக்கே போட்டுக் காட்டலாம். 30 டிகிரி காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரிலிருந்து அது ஏறத்தாழ 125 டிகிரியில் வெளிவரும். சித்திரை வெயிலில் 40 டிகிரி காற்று உள்ளே போனால் வெளிவருவது 138. இதை இன்டர்கூலர் இறக்க வேண்டும். ஆனால் இன்டர்கூலரைக் குளிர்விக்க வருவதும் அதே 40 டிகிரி காற்றுதான், அதுவும் கார் நகர்ந்தால்தான் வரும். சிக்னலில் நின்று கிளம்பும்போது இன்டர்கூலர் ஊறிய சூட்டில் இருக்கும். உள்ளே போகும் காற்று சூடு என்று சென்சார் சொன்னதும் கணினி பொறியைத் தாமதிக்கும், பூஸ்ட்டைக் குறைக்கும்.

இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி டிராக்கிலோ கொண்டுபோய் ஓட்டுபவர்களுக்கு: மூன்று நான்கு சுற்று வேகமாக, ஒன்றிரண்டு சுற்று மெதுவாக. நின்று குளிர்விப்பதைவிட ஓடிக் குளிர்விப்பது மேல். முன் பம்பரில் கூடுதல் விளக்கு, அலங்காரக் கம்பிவலை மாட்டி இன்டர்கூலரின் முகத்தை மறைக்காதீர்கள். இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் பூச்சி, தூசி, பிளாஸ்டிக் பை அடைந்திருப்பதும் சாதாரணம். பிரஷர் பம்பை எட்டத்திலிருந்து அடித்துச் சுத்தம் செய்யுங்கள். பக்கத்தில் வைத்து அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிப் படுத்துவிடும்.

எந்தப் பெட்ரோல்? எக்ஸ்பி95 போட வேண்டுமா? இ20 கெடுக்குமா?

பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கம் எழுதியிருப்பதே விதி. தட்டுதலைத் தாங்கும் அளவான ஆக்டேன் எண் 91 போதும் என்றிருந்தால், எக்ஸ்பி95 போன்ற 95 போடுவதால் கெடுதல் இல்லை. வெயில் காலத்தில் முழுப் பளுவோடு ஓட்டும்போது, பொறியைத் தாமதிக்க வேண்டிய அவசியம் குறைந்து இழுவை சற்று நன்றாகத் தெரியலாம். 95 என்றிருந்தால் அதற்குக் கீழே போகாதீர்கள். நாக் சென்சார் காப்பாற்றும்தான், ஆனால் பவரைப் பறித்துத்தான் காப்பாற்றும்.

எத்தனாலுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 21 மெகாஜூல், பெட்ரோலுக்கு 32. இ20இல் உள்ளதுபோல் இருபது சதவீதம் கலந்தால் ஆற்றல் ஏழு சதவீதம் குறையும், மைலேஜும் அந்த அளவை ஒட்டியே இறங்கும். மறுபக்கம், எத்தனால் ஆவியாகும்போது இரு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சும், தட்டுதலையும் தடுக்கும். ஆகவே எரிப்பைப் பொறுத்தவரை டர்போவுக்கு அது நண்பன். கவலைப்பட வேண்டியது இ20க்கென்று சான்று பெறாத பழைய கார்களின் ரப்பர் ஹோஸ், சீல், ஃப்யூல் பம்ப் ஆகியவற்றைப் பற்றித்தான்.

உயர் கியரில் மெதுவாகப் போய் மிதித்தால் இன்ஜின் உடையும் என்கிறார்களே?

உடையலாம். சிறிய டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போக்களுக்கென்றே பிறந்த நோய் இது. எல்எஸ்பிஐ என்பார்கள்: குறைந்த சுற்றில், அதிகப் பளுவில், பொறிக்கு முன்பே தானாகப் பற்றுதல். சிலிண்டர் சுவரில் படியும் பெட்ரோல் அங்குள்ள ஆயிலோடு கலந்து மேல் பிஸ்டன் வளையத்தின் இடுக்கில் சேர்கிறது. அந்தத் துளியோ, உதிர்ந்த கரித்துகளோ, அழுத்தம் ஏறும்போது முன்கூட்டியே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே எரிந்தால், அழுத்தம் வடிவமைப்பு எல்லையைத் தாண்டும். முதலில் உடைவது வளையங்களுக்கு இடையிலுள்ள பிஸ்டன் விளிம்பு, அடுத்து கனெக்டிங் ராட். சாதாரண நாக்கிங்கைப் போலப் பொறியைத் தாமதித்து இதை அடக்க முடியாது, ஏனென்றால் பொறிக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

ஆபத்தான பகுதி ஏறத்தாழ 1,200 முதல் 2,500 சுற்று, ஆக்சிலரேட்டர் தரைவரை. ஐந்தாவது கியரில் 50இல் போய்க்கொண்டிருக்கும்போது பஸ்ஸைத் தாண்ட வேண்டுமென்றால் மூன்றுக்கு வாருங்கள். அவ்வளவுதான் தடுப்பு மருந்து.

மீதி ஆயிலின் வேலை. ஆயிலில் சுத்திகரிப்பானாகச் சேர்க்கும் கால்சியம் இந்த முன்பற்றலைத் தூண்டுகிறது என்று தெரிந்தபின், மெக்னீசியம் கூடுதலான கலவைகள் வந்தன. டப்பாவில் ஏபிஐ எஸ்என் பிளஸ் அல்லது எஸ்பி என்று இருக்க வேண்டும். எஸ்பி தரம் 2020 மே முதல். டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் அதோடு சேர்ந்தே வந்தது. வெறும் எஸ்என் என்று போட்ட பழைய சரக்கு கடையில் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 5டபிள்யூ-30 என்பது தடிமன் மட்டும், தரத்தை அது சொல்லாது.

ஆயில் எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை?

கையேடு 15,000 என்று சொன்னால் 10,000இல் மாற்றுங்கள். தினமும் ஐந்தாறு கி.மீ. மட்டும் ஓடும் காருக்கு 7,500, அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அது. குறும்பயணத்தில் ஆயில் முழுச் சூடு அடையாததால் அதில் கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போவதில்லை. டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போனால், வாசம் பார்த்தால் பெட்ரோல் நெடி அடித்தால், மாற்றும் நேரம் வந்துவிட்டது.

நிறுத்தும் முன் ஐடிலில் விட வேண்டுமா?

நகரத்தில் ஓட்டிவிட்டு வீட்டு வாசலில் நிறுத்தும்போது தேவையில்லை. மலையேறியதும், நெடுஞ்சாலையில் விரட்டியதும் நேரே ஓட்டலில் நிறுத்தினால் வேண்டும்: 30 முதல் 60 விநாடி. இன்னும் நல்லது, கடைசி இரண்டு கி.மீ. மெதுவாக வருவது. இன்ஜின் நின்றால் ஆயில் ஓட்டமும் நிற்கும், சிவக்கச் சூடான டர்பைனின் வெப்பம் தண்டு வழியே பேரிங்குக்கு வந்து அங்கே தேங்கிய ஆயிலைக் கரியாக்கும். இப்போது பல கார்களில் மின்சாரக் கூலன்ட் பம்ப் தனியே ஓடி டர்போவைக் குளிர்விக்கிறது. நிறுத்தியபின் ஃபேன் சத்தம் சில நிமிடம் கேட்டால் பயப்பட வேண்டாம்.

காலையில் கிளம்பும்போதும் கவனம் தேவை. கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்று மிதிக்காதீர்கள், ஆயில் அதைவிட வெகுநேரம் கழித்தே 80, 90 டிகிரிக்கு வரும்.

வால்வில் கரி படியுமாமே?

படியும். பழைய இன்ஜினில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் விழுந்து அதைக் கழுவிக்கொண்டே இருந்தது. நேரடி உட்செலுத்தலில் அந்தக் குளியல் இல்லை. கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி மட்டும் வந்து ஒட்டிக் கருகுகிறது. குளிரில் ஸ்டார்ட் செய்தால் நடுக்கம், ஐடிலில் மிஸ்ஃபயர், மேல் சுற்றில் மந்தம் ஆகியவை அறிகுறிகள். 80,000 கி.மீ.க்கு மேல் எதிர்பார்க்கலாம். டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் வால்வையே தொடாது, இன்ஜெக்டரை மட்டும் தொடும். வால்வு சுத்தமாகும் என்று விற்றால் நம்பாதீர்கள். சரியான வழி இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்வுகள் மூடிய நிலையில், வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு பீய்ச்சிச் சுரண்டுவது. யாரிஸில் உள்ளதுபோல் இரண்டு இடத்திலும் இன்ஜெக்டர் வைத்த இன்ஜின்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

பெல்ட் ஆயிலில் ஓடுகிறது என்கிறார்கள். நல்லதா?

உராய்வு குறையும், சத்தம் குறையும். ஆனால் தவறான ஆயில், தாமதமான ஆயில் மாற்றம், ஆயிலில் கலந்த பெட்ரோல், இவற்றால் பெல்ட் துகள்துகளாக உதிர்ந்து ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். ஆயில் அழுத்தம் விழுந்தால் முதலில் போவது டர்போ, பிறகு கிராங்க் பேரிங். ஃபோர்டு 1.0 ஈகோபூஸ்ட்டில் இது உலகம் அறிந்த விஷயம். இந்தியாவில் பழைய ஈகோஸ்போர்ட் 1.0 வாங்குபவர்கள் ஆயில் மாற்றிய ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் சில இன்ஜின்களில் பெல்ட்டே தெரியும். விளிம்பு பிசிறியிருந்தாலோ வெடித்திருந்தாலோ விட்டுவிடுங்கள்.

இழுவை போய்விட்டது. மெக்கானிக் டர்போவை மாற்றச் சொல்கிறார்.

அவசரப்படாதீர்கள். பி0299 என்ற குறியீடு பூஸ்ட் போதவில்லை என்று மட்டும் சொல்கிறது, யார் குற்றவாளி என்று சொல்வதில்லை. மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாகத் த்ராட்டில்வரை செல்லும் குழாய்கள். இணைப்புகளில் ஈரமான ஆயில் கறை தெரிந்தால் அங்கே கசிகிறது. ஏர் ஃபில்டர் பக்கத்து வாயை அடைத்து, 0.5 பார் அளவுக்குக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்; புகை இயந்திரம் இருந்தால் இன்னும் சுலபம். மிதிக்கும்போது உஸ் என்ற சத்தம், ஐடிலில் ஒன்றுமில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். அடுத்து, ஆக்சிலரேட்டரை விட்டதும் மிஞ்சிய பூஸ்ட்டை விடுவிக்கும் டைவர்ட்டர் வால்வு: ரப்பர் சவ்வு உள்ள பழைய வகைகளில் அது கிழியும். பிறகு வேஸ்ட்கேட் கம்பி, அதாவது மிஞ்சிய புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவின் கம்பி. வேக்யூம் வகையென்றால் கைப்பம்பால் இழுத்துப் பார்த்து, தடையின்றி நகர்கிறதா, பிடித்து நிற்கிறதா என்று பார்க்கலாம். மின்சார வகையை ஸ்கேனரால் இயக்கிப் பார்க்க வேண்டும். அதன்பின் பூஸ்ட் சென்சார். சாவி போட்டு, இன்ஜின் ஓடாதபோது, அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல்மட்ட ஊர்களில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி.

இவையெல்லாம் சரியென்றால்தான் டர்போ. இன்லெட் குழாயைக் கழற்றித் தண்டை விரலால் அசையுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் சாதாரணம், சக்கரம் சுவரில் உரசக் கூடாது. முன்பின் ஆட்டம் விரலுக்குத் தெரியவே கூடாது.

மிதிக்கும்போது மட்டும் உதறினால் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். அழுத்தம் கூடக் கூடப் பொறி பாய்வது கடினம். இவற்றின் இடைவெளி பொதுவாக 0.7, 0.8 மி.மீ. அளவில் இருக்கும், தேய்ந்து அகன்றால் பூஸ்ட்டில் பொறி அணைந்துவிடும்.

நீலப் புகை வந்தால் டர்போ போய்விட்டதா?

பல சமயம் டர்போ நிரபராதி. டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்குவது புவியீர்ப்பால் மட்டுமே. அந்தத் திரும்புகுழாய் கரியால் அடைத்தாலோ, கிராங்க்கேஸ் ஆவியை வெளியே விடும் பிசிவி வால்வு கெட்டுக் கிராங்க்கேஸில் அழுத்தம் கூடினாலோ, ஆயில் சீல் வழியே தள்ளப்படும். இவற்றைச் சரிசெய்யாமல் புது டர்போ மாட்டினால் அதுவும் புகைக்கும். மாட்டும்போது ஆயில் ஊட்டும் குழாயையும் புதிதாகப் போட்டு, முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவுக்குள் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிட வேண்டும்.

வெள்ளைப் புகை, இனிப்பு வாசம், கூலன்ட் குறைவு என்றால் ஹெட் கேஸ்கெட் பக்கம் பாருங்கள். ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ்ஸின் 2.3 இன்ஜின் சிலவற்றில் மஸ்டாங்குக்கான கேஸ்கெட் தவறிப் பொருத்தப்பட்டு, நிறுவனமே 2018இல் அழைத்து மாற்றிக்கொடுத்தது.

ரீமேப் செய்யலாமா?

டர்போ காரில் ரீமேப் மலிவான பவர் என்பது உண்மை, மென்பொருளால் பூஸ்ட்டை ஏற்றினால் போதும். ஆனால் இன்ஜின் தாங்குமா என்று கேட்பவர்கள் கியர்பாக்ஸை மறந்துவிடுகிறார்கள். ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி, டிக்யூ200, வடிவமைக்கப்பட்டது 250 என்எம் அளவுக்கு. 1.5 டிஎஸ்ஐ கம்பெனியிலிருந்து வரும்போதே 250. அதற்கு மேல் ஏற்றுவது முழுக்கக் கிளட்ச்சின் கணக்கில் கடன். 178 என்எம் தரும் 1.0 டிஎஸ்ஐக்கு இடம் இருக்கிறது, ஆனால் 1,500 சுற்றிலேயே டார்க்கைக் குவிக்கும் மேப்பை வாங்காதீர்கள். மேலே சொன்ன முன்பற்றல் நோய்க்கு அது அழைப்பிதழ். 2,500க்கு மேல் மெல்ல ஏறும் மேப் கேளுங்கள்.  ஏஎம்ஜிகூட ஏ45 எஸ்ஸில் உச்ச டார்க்கை 5,000 சுற்றில்தான் வைத்திருக்கிறது.

ரீமேப்புக்கு முன் புது பிளக், கசிவுச் சோதனை, எஸ்பி தர ஆயில். பிறகு வாரன்டி கோருகையில் சர்வீஸ் நிலையம் கணினியின் எழுத்துப் பதிவைப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய மேப்பைத் திரும்ப ஏற்றினாலும் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல கணினிகளில் மிஞ்சும்.

பழைய டர்போ காரைப் பார்க்கப் போகும்போது?

முந்தைய இரவிலிருந்து ஓட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். குளிர் ஸ்டார்ட்டில் செயின் சரசரப்பு, நடுக்கம், புகை எல்லாம் அப்போதுதான் தெரியும். நீங்கள் போகுமுன் பானட் சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். ஓட்டிச் சூடானபின் மூன்றாவது கியரில் 2,000இலிருந்து 5,500வரை முழுதாக மிதிக்க வேண்டும், இடையில் ஒரு தயக்கம்கூடக் கூடாது. பிறகு ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டுத் திடீரென்று மிதித்து, பின்னால் ஒருவரை நிறுத்திப் புகை பார்க்கச் சொல்லுங்கள். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியில் அழிக்கப்பட்ட குறியீடுகளின் தடம் தெரியும்: சோதனைகள் பல இன்னும் முடியவில்லை என்று காட்டினால், யாரோ நேற்று அழித்திருக்கிறார்கள்.

சத்தமும் சுகமும் போய்விட்டதே?

ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். டர்பைன் சத்தத்தை விழுங்குகிறது, துகள் வடிகட்டி மிச்சத்தையும் விழுங்குகிறது, அதனால் ஸ்பீக்கர் வழியே செய்த சத்தத்தைக் கேட்கிறோம். 2016இல் போர்ஷே பாக்ஸ்டரும் கேமனும் ஆறு சிலிண்டரை விட்டு நான்கு சிலிண்டர் டர்போவுக்கு வந்தன. 2.5 லிட்டரில் 350 பிஎஸ், பழையதைவிட வேகம், ஆனாலும் வாங்குபவர்கள் முகம் சுளித்தார்கள். 2020இல் ஜிடிஎஸ் மாடலில் டர்போ இல்லாத 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் திரும்பி வந்தது. சி63 தன் வி8ஐக் கைவிட்டு 2.0 லிட்டரும் மின்மோட்டாருமாக 680 பிஎஸ்ஸோடு வந்தபோதும் இதே புலம்பல்தான், இந்தமுறை இரண்டு டன்னைத் தாண்டிய எடையும் சேர்ந்துகொண்டது. சுற்று ஏற ஏறப் பவர் கூடும் இன்பம் உங்களுக்கு முக்கியமென்றால், நல்ல நிலையில் உள்ள பழைய டர்போ இல்லாத காரைத் தேடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது விலைப்பட்டியலில் உள்ள எண்களை மறந்துவிடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் ஏற எது மேல்?

டர்போ, சந்தேகமில்லை. உதகை 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 77 சதவீதம். டர்போ இல்லாத இன்ஜின் அதே விகிதத்தில் பவரை இழக்கும். டர்போ கூடுதலாகச் சுழன்று குறையை ஈடுகட்டிவிடும். அதற்கு விலையாக அழுத்த விகிதமும் சூடும் கூடும், ஆனால் மேலே காற்று குளிர்ச்சி. கல்லட்டி இறக்கத்தில் மட்டும் டர்போவால் உபகாரம் இல்லை: சிறிய இன்ஜின் என்பதால் இன்ஜின் பிரேக்கிங் குறைவு. இரண்டாவது கியரில் இறங்குங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் முறைக்கு மாற்றிப் பிடியுங்கள்.